சண்டிகாருக்குப் போகும் வழியில் நின்ற கோவை

இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ், சண்டிகார் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பொதுச் சுகாதார முகாமைத்துவக் குறுங்காலப் பயிற்சியை முடித்துக்கொண்டு அண்மையில் திருகோணமலை திரும்பினேன். 1964 முதல் நடைபெறும் இத்திட்டத்தில் விமானச் சீட்டு, தங்குமிடம், கற்கைக் கட்டணம், கைச்செலவுப் படி அனைத்தையும் இந்திய அரசே ஏற்கிறது. இணைய விண்ணப்பமும் விசாவும் சிக்கலின்றி முடிந்தன. என்னை வதைத்ததெல்லாம் இடைப்பட்ட நமது அலுவலகங்கள்தாம்.

இணையத்தில் சமர்ப்பித்ததை அச்சிட்டு, பரிந்துரைப் பகுதியில் திணைக்களத் தலைவரின் ஒப்பம் பெற்று, இப்பயிற்சிக்கான நமது அரசின் நியமனத்தோடு கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்துக்குச் சேர்ப்பிக்க வேண்டும். வெளிநாட்டு விடுமுறைக்கான பொது 126 படிவத்தைத் தனியாக நிரப்ப வேண்டும். எனது விண்ணப்பக் கோவை ஓர் அலுவலகத்தில் அசையாமல் கிடந்தது. கேட்கும்போதெல்லாம் "மேலே அனுப்பியாயிற்று" என்றே பொறுப்பான உத்தியோகத்தர் கூறினார். ஒருநாள் நான் எதிரே நின்றிருக்கையில், வேறெதையோ தேடி அவர் அடுக்கைப் புரட்டியபோது, என் பெயரிட்ட மஞ்சள் உறை அடியிலிருந்து வெளிவந்தது. பதில் கடமையாற்றுபவரின் சம்மதக் கடிதம் இல்லை என்று அதன் மேல் பென்சிலால் குறித்திருந்தார்கள். டெங்கு பரவும் மாரி காலத்தில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை ஆளில்லாமல் விட்டுச் செல்ல முடியாதாகையால், அக்கடிதத்தை எதிர்பார்ப்பது முற்றிலும் நியாயம். ஆனால் என்னிடம் கேட்காமலே குறித்து வைத்திருந்ததை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. கிண்ணியாவில் பணிபுரியும் சக வைத்தியர் அன்று மாலையே கையொப்பமிட்டுத் தந்தார்.

அடுத்த அடி, இரவு பஸ்ஸில் கொழும்பு போய்ச் சேர்ந்த பின் விழுந்தது. பரிந்துரைப் பகுதியில் ஒப்பம் இருந்தது, பதவி முத்திரை இல்லை. பதவியைப் பேனாவால் எழுதியிருந்ததைக் கருமபீடத்தில் ஏற்க மறுத்துவிட்டார்கள். அன்றிரவே திரும்பி வந்து முத்திரை பெற்றேன்.

ஆகவே, விண்ணப்பிக்க இருப்பவர்கள் ஒப்பம், முத்திரை, திகதி மூன்றையும் அலுவலகத்தை விட்டு வெளியேறுமுன் சரிபாருங்கள். கையளிக்கும் ஒவ்வொன்றின் பிரதியிலும் பெற்றுக்கொண்ட திகதி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்; எனது கோவை எங்கே நின்றது என்பதை மேலதிகாரியிடம் நிறுவ எனக்கு உதவியது அந்த ஒரு பிரதிதான். உரிய வழியூடாகச் செல்லும் கோவைக்கு முன்பாக, முற்கூட்டிய பிரதி ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முடிவுத் திகதி நெருங்கியபோது என் இடம் பறிபோகாதிருந்தது அதனால்தான். நியமனக் கடிதத்தில் முதலெழுத்துகளோடும் கடவுச்சீட்டில் தந்தை பெயரோடும் இருப்பவர்கள், இரண்டும் ஒருவரே என்ற உறுதிப்படுத்தலை முதலிலேயே பெற்றுக்கொள்வது நல்லது. வயதெல்லை பொதுவாக 25 முதல் 45 வரை என்பதால் அடுத்த ஆண்டுக்கென்று தள்ளிப்போடவும் வேண்டாம். சுற்றறிக்கை நம் பணிமனைக்கு வரும்வரை காத்திராமல், கற்கைநெறிப் பட்டியலைத் திட்டத்தின் இணையத்தளத்திலேயே பார்த்து வாருங்கள். என் கைக்குச் சுற்றறிக்கை கிடைத்தபோது முடிவுத் திகதி கடந்திருந்தது.