ஞானம் கேட்டு டோனாவூருக்கு

தூத்துக்குடியிலருந்து காலையிலயே கிளம்பிட்டோம், நானும் எங்க மதினியும். ஏமி கார்மைக்கேல்ங்கிற மிஷனெரி அம்மா பிள்ளைங்களைக் காப்பாத்தி வளத்த டோனாவூருக்கு நேரா போறதாத்தான் பிளான், ஆனா மதினி பாளையங்கோட்டையில இறங்கி பாப்பாத்தியம்மா கோயிலைப் பாத்துட்டுப் போவோம்னு சொன்னாங்க. பாளையங்கோட்டைன்னா எல்லாருக்கும் ஊசிக்கோபுரம் கோயில்தான் தெரியும், கதீட்ரல், உசரமா நிக்கும், பஸ்ல போறவங்க கண்ணுல கூட படும். இது அப்படி இல்ல, ரொம்பச் சின்னக் கோயில். வீடுங்களுக்கு நடுவுல விசாரிச்சு விசாரிச்சுத்தான் போகணும். உள்ள நுழைஞ்சதும் மனசு அப்படியே அடங்கிருச்சு.

பாப்பாத்தியம்மான்னு ஜனங்க சொல்றது குளோரிந்தா அம்மாவை. தஞ்சாவூர்ப் பக்கம் மராட்டிய பிராமணக் குடும்பத்துல பிறந்து சின்ன வயசுலயே விதவையானவங்க, அப்புறம் லிட்டில்டன்ங்கிற ஒரு ஆங்கிலேய அதிகாரியோட இருந்தாங்க, அவர்கிட்டதான் வேதத்தைக் கத்துக்கிட்டாங்க. ஞானஸ்நானம் வேணும்னு சுவார்ட்ஸ் ஐயர்ங்கிற ஜெர்மன் மிஷனெரிகிட்ட கேட்டாங்க (போதகரை நாங்க ஐயர்னுதான் சொல்வோம்), அவரு குடுக்கல, கல்யாணம் ஆகாம சேர்ந்து வாழ்றாங்கன்னு மறுத்துட்டாரு. யோசிச்சுப் பாருங்க, சாதிசனமும் ஒதுக்கிருச்சு, இந்தப் பக்கம் கோயில் கதவும் தொறக்கல. ஆனா அந்தம்மா கசந்து போயிடல. லிட்டில்டன் இறந்த பிறகு 1778ல அதே சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தப்போ திரும்பக் கேட்டாங்க, வாங்கிக்கிட்டாங்க. 1780ல எழுதின சபைப் பதிவேட்டுல மொத்தம் 40 பேரு, முதல் பேரு அவங்களோடது. அதோட நிக்கல, சொந்தப் பணத்துல கோயில் கட்டி 1785ல பிரதிஷ்டை பண்ண வச்சாங்க, ஜனங்க தண்ணி எடுக்க ஒரு கிணறும் வெட்டினாங்க. திருநெல்வேலி சபைக்கு ஆரம்பம் எதுன்னு கேட்டா நான் அந்தம்மாவைத்தான் சொல்வேன்.

நான் ஏன் இந்தப் பயணம் போனேன்னு இப்ப சொல்லணும். எங்க சேகரத்துல, அதாவது சபை வட்டாரத்துல, பெண்கள் ஐக்கிய சங்கத்துல நான் ஒரு பொறுப்புல இருக்கேன், அதனால பிள்ளைங்க வந்து மனசு விட்டுப் பேசுவாங்க. ஒரு பிள்ளை, கைக்குழந்தைக்காரி, வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து கை நீட்டுறாரு. முழங்கைக்கு மேல நீலம் பாரிச்சுப் போயிருந்ததை சேலையை விலக்கிக் காட்டினா. "அத்தை, நீங்க வேதத்தை வச்சு சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்"ன்னு கேட்டா. அவ அம்மா வீட்டுலயும் பொறுத்துக்கோன்னுதான் சொல்லிருக்காங்க, சபையில பெரியவங்க சிலபேரும் அதையேதான் சொன்னாங்க, ஜெபம் பண்ணு மாறிடுவான்னு. எனக்கு பதில் வரல. ஜெபிச்சுட்டுச் சொல்றேம்மான்னு மட்டும் சொன்னேன். "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால், யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில் கேட்கக்கடவன்"ன்னு யாக்கோபு எழுதியிருக்காரு இல்லையா, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கிளம்பினேன். தேவன் வீட்டுலயும் பேசுவாரு, அது தெரியும். ஆனா அடுப்பு, போன், காலிங் பெல் எல்லாத்துக்கும் நடுவுல எனக்குக் கேக்குற காது இல்லாமப் போயிருச்சு.

மதியத்துக்கு மேலதான் டோனாவூர் போய்ச் சேந்தோம். களக்காடு தாண்டினதும் மேற்க மலை கிட்ட கிட்ட வருது, வயலும் வாழையும் குளமுமா பச்சையா இருக்கு. ரேனியஸ் ஐயர்ங்கிற மிஷனெரி காலத்துல, 1820கள்ல, ஜெர்மனியில டோனா பிரபுன்னு ஒருத்தர் குடுத்த பணத்துல உருவான ஊரு, அதான் அந்தப் பேரு. ஏமி அம்மா ஆரம்பிச்ச டோனாவூர் ஐக்கியத்தோட வளாகத்துல ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் உள்ள போனோம். உள்ள பெரிய பெரிய மரங்க, ஓட்டுக் கட்டடங்க, கோபுரம் வச்ச ஜெப வீடு. எல்லாத்தையும் விட அந்த அமைதி. அங்க வளந்து அங்கயே சேவை செய்ற ஒரு வயசான அம்மா எங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. அங்க சேவை செய்ற பெண்களை சித்தி, அக்கான்னும் ஆண்களை அண்ணாச்சின்னும் பிள்ளைங்க கூப்பிடுறது ஏமி அம்மா காலத்துப் பழக்கம், ஒரே குடும்பமா இருக்கணும்னு.

ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பத்தி சண்டே ஸ்கூல்லருந்தே கேட்டுருக்கேன். 1867ல அயர்லாந்துல பிறந்து, 1895ல இந்தியாவுக்கு வந்து, திரும்ப ஒரு தடவை கூட ஊருக்குப் போகாம இங்கயே 1951ல கண்ணை மூடினவங்க. ஆனா ப்ரீனாங்கிற பிள்ளையோட கதையை அன்னைக்கு அந்த வேப்பமரத்து நிழல்ல உக்காந்து அந்தம்மா வாயால கேட்டப்போ எனக்கு வேற மாதிரி இருந்துச்சு. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுறதுக்குன்னு குடுத்திருந்த சின்னப் பிள்ளை அது. ஒரு தடவை தப்பிச்சு தூத்துக்குடிக்கு, ஆமா எங்க ஊருக்குத்தான், பெத்த தாய்கிட்ட ஓடி வந்துருச்சு. தேடி வந்தவங்க பயமுறுத்தினதுல அந்தத் தாய் தன் கழுத்தைக் கட்டிக்கிட்டிருந்த பிள்ளை கையைப் பிரிச்சு எடுத்துத் திருப்பிக் குடுத்துட்டா. திரும்பக் கொண்டு போய் தண்டனையா அந்தச் சின்னக் கை ரெண்டுலயும் சூடு வச்சாங்க. அதுக்கப்புறம் 1901 மார்ச் மாசம் மறுபடியும் தப்பிச்சு, ஏமி அம்மா அப்ப இருந்த பண்ணைவிளைக்கு ஓடி வந்துச்சு, வழியில பாத்த ஒரு கிறிஸ்தவ அம்மா ராத்திரி தன் வீட்டுல வச்சிருந்து காலையில ஏமி அம்மாகிட்ட கூட்டிட்டு வந்தாங்க. பிள்ளைக்கு 7 வயசு. நேரா வந்து மடியில ஏறி உக்காந்துருச்சு. ஆள்கள் கூட்டமா வந்து கேட்டாங்க, பிள்ளை போகமாட்டேன்னுருச்சு, ஏமி அம்மா அனுப்பல.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு என்ன பயமோ. ஆனா திருப்பி அனுப்புறது எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு அந்தப் பிள்ளையோட கையில எழுதியிருந்துச்சே. என் கண்ணுக்கு அந்த நீலம் பாரிச்ச கைதான் தெரிஞ்சுச்சு. மதினி என் முகத்தைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

இன்னொண்ணும் அந்தம்மா சொன்னாங்க. ஏமி அம்மா இந்தியாவுக்கு வந்தது ஊர் ஊராப் போய் சுவிசேஷம் சொல்றதுக்கு. மாட்டு வண்டியில பெண்களைக் கூட்டிக்கிட்டு கிராமம் கிராமமாப் போனவங்க. பிள்ளைங்க வர ஆரம்பிச்சதும் அது நின்னு போச்சு. பால் புட்டி, துணி, ராத்திரி முழிப்புன்னு ஆயிருச்சு, ஊழியத்தை விட்டுட்டு ஆயா வேலை பாக்கிறதான்னு கேள்வி வந்துச்சு, அவங்க மனசுக்குள்ளயே வந்துச்சு. அப்பதான் ஆண்டவர் இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு சீஷருடைய காலைக் கழுவின யோவான் 13ம் அதிகாரம் அவங்களுக்குப் பதிலா வந்ததாம். எது பெரிய வேலை எது சின்ன வேலைன்னு நாம வச்சிருக்கிற கணக்கு வேற, பரத்திலருந்து வர்ற ஞானத்தோட கணக்கு வேற. யாக்கோபு 3ல அந்த ஞானம் எப்படி இருக்கும்னு வரிசையா சொல்லும்போது "இரக்கத்தாலும் நற்கனிகளாலும் நிறைந்ததாயும்"ன்னு வருது. பொறுத்துக்கோன்னு சொல்றது சுலபம், அதுல இரக்கம் எங்க இருக்கு?

அப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 1931ல களக்காட்டுல ஒரு குழியில விழுந்து கால் ஒடிஞ்சதுலருந்து கிட்டத்தட்ட 20 வருஷம் ஏமி அம்மா பெரும்பாலும் ரூமுக்குள்ளயேதான் இருந்தாங்க, அங்க இருந்துக்கிட்டே எழுதினாங்க, ஜெபிச்சாங்க, பிள்ளைங்களைக் கூப்பிட்டுப் பேசினாங்க. தனக்கு கல்லறைக் கல்லு வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதனால பறவைங்க வந்து தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு கல் தொட்டிதான் வச்சிருக்காங்க. நாங்க போன நேரம் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் பக்கத்துல சலசலன்னு கத்திக்கிட்டு இருந்துச்சு.

சாயந்தரம் ஜெப வீட்டுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். 1 சாமுவேல் 25 எடுத்து வாசிச்சேன், அபிகாயில் அதிகாரம். நாம பெண்கள் கூட்டத்துல அபிகாயிலைப் பத்திப் பேசினா சாந்தமா பேசினா, தாழ்மையா இருந்தான்னு மட்டும்தான் சொல்வோம். அவ புருஷன் நாபால் தாவீதோட ஆள்களை அவமானப்படுத்தி அனுப்பிட்டான், தாவீது அந்த வீட்டையே அழிக்கக் கிளம்பிட்டாரு. அன்னைக்கு நிதானமா வாசிக்கும்போதுதான் பாக்கேன், அவ புருஷன்கிட்ட கேக்காமலே தாவீதுக்கு 200 அப்பத்தையும் 5 ஆட்டையும் கழுதை மேல ஏத்தி அனுப்புறா, வேலைக்காரன் வந்து ஆபத்துன்னு சொன்னதும் ஒரு நிமிஷம் கூட தாமதிக்கல, வீட்டுல உள்ள உயிரைக் காப்பாத்தணும்னு தீவிரமா போறா. திரும்பி வந்தப்போ நாபால் நல்லா குடிச்சிட்டு வெறிச்சுக் கிடக்கான், அவ பொழுது விடியுற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல, வெறி தெளிஞ்ச பிறகு சொன்னா. எப்ப ஓடணும் எப்ப வாயை மூடணும் எப்ப தொறக்கணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதைத்தான் தாவீது நின்னு ஸ்தோத்திரம் பண்ணுறாரு. குடிகாரன் வீட்டுல வாழ்ந்த ஒரு பொம்பளையை வேதம் புத்திசாலின்னு சொல்லுது, எதுக்காகச் சொல்லுதுன்னு நாம முழுசா வாசிச்சு நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும், பாதியை மட்டும் சொல்லிக் குடுக்கக் கூடாது. இதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஊருக்கு வந்ததும் அந்தப் பிள்ளைக்கு போன் பண்ணேன், வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிற நேரம் பாத்து. அடி வாங்கிக்கிட்டு இருக்கணும்னு கர்த்தர் எங்கயும் சொல்லலம்மா, நீயும் பிள்ளையும் பத்திரமா இருக்கிறதுதான் முதல்ல, எங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு, எப்ப வேணும்னாலும் வான்னு சொன்னேன். 181 பெண்கள் உதவி நம்பரையும் எழுதிக்கச் சொன்னேன், 2005லயே குடும்ப வன்முறைக்கு சட்டம் வந்துருச்சு, பாதுகாப்பு அலுவலர்னு மாவட்டத்துல ஒருத்தங்க இருப்பாங்க, அவங்களைப் பாக்க நானும் கூட வாறேன்னேன். ரொம்ப நேரம் அழுதா. அப்புறம் "சரி அத்தை"ன்னா. எங்க ஐயரம்மாகிட்டயும் விஷயத்தைச் சொன்னேன், அவங்க ஐயரோட பேசி, அவரு அந்தத் தம்பியைத் தனியா கூப்பிட்டு குடியை விடுறதுக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்காரு. அவனுக்காகவும்தான் ஜெபிக்கோம், விட்டுரல. பிள்ளை இப்போ குழந்தையோட எங்க வீட்டுலதான் இருக்கா.

போக நினைக்கிற அக்கா தங்கச்சிங்களுக்கு, திருநெல்வேலியிலருந்து களக்காடு போயிட்டீங்கன்னா அங்கருந்து டோனாவூருக்கு பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும். அது டூரிஸ்ட் ஸ்பாட் இல்ல, ஜனங்க வாழ்ற இடம், அதனால ஆபீஸ்ல கேட்டுட்டு உள்ள போங்க, இருக்கிறவங்களைக் கேக்காம போட்டோ எடுக்காதீங்க. பைபிளும் ஒரு தண்ணி பாட்டிலும் கொண்டு போங்க, வெயில் நல்லா அடிக்கும்.