டி.பி. பயிற்சித் தேர்வு: மார்க் போவது சளிக் கப்பில்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ்தான். ஆனாலும் மார்க் பிரிவைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. நகர்ப்புற சுகாதார நிலையங்களிலிருந்து வந்த ஸ்டாஃப் நர்ஸ், எல்.டி. (லேப் டெக்னீஷியன்), பார்மசிஸ்ட் எல்லாரும் மருந்து அளவில் வெளுத்துக் கட்டிவிட்டு, சளி சேகரிக்கச் சொல்லித்தரும் செய்முறை ஸ்டேஷனில் வரிசையாகச் சறுக்கியிருக்கிறார்கள். அடுத்த பேட்சாவது தப்பிக்கட்டும்.

மேஜைமேல் ஒரு கப், எதிரே நோயாளியாக ஒருவர். "சளி எடுத்துட்டு வாங்கம்மா" என்று கப்பை நீட்டினால் அங்கேயே மார்க் போச்சு. அவர் துப்பித் தருவது நுரையும் தண்ணியுமாக எச்சில். மைக்ரோஸ்கோப்பில் கிருமி தட்டுப்பட ஒரு மில்லி சளியில் சுமார் 10,000 இருக்க வேண்டும். எச்சிலில் ஏது? நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு அவர் இருமிக்கொண்டே 29சி பஸ் ஏறிப் போய்விடுவார். ட்ரூநாட், சிபிநாட் (கிருமியின் மரபணுவைத் தேடும் மெஷின்கள்) இருக்கிற இடத்தில் முதல் டெஸ்ட் அதுதான், சரி. ஆனால் கப்பில் எச்சில் இருந்தால் அந்த மெஷினையும் நம்ப முடியாது.

இப்படிச் சொல்லுங்கள்: "காலைல பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி வெறும் தண்ணில வாய் கொப்பளிச்சிருங்கம்மா. மூச்சை ஆழமா இழுத்து, கொஞ்சம் பிடிச்சு, விடுங்க. ரெண்டு மூணு தடவை. அடுத்த தடவை இழுத்ததும் அடி நெஞ்சுலேருந்து இருமி, கோழையை நேரா கப்புல துப்புங்க. மொட்டை மாடில பண்ணுங்க, பக்கத்துல யாரும் நிக்க வேணாம்." தொண்டையைக் காறுவதற்கும் இருமுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் செய்தே காட்டுங்கள். தேவை 2 முதல் 5 மில்லி. பெயரும் நம்பரும் கப்பின் பக்கவாட்டில்தான் எழுத வேண்டும். மூடியில் எழுதினால், லேபில் நாலு கப்பைத் திறந்து மூடும்போது ஆள் மாறிப்போகும். ஸ்மியர் (சளியை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) என்றால் 2 மாதிரி: வந்தவுடன் ஒன்று, மறுநாள் காலை ஒன்று.

அடுத்து, கைக்குக் கை மாறி வரும் அந்த ஜெராக்ஸ் நோட்ஸ். பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். அதில் இருப்பவையும் இன்றைய விடையும்:

- வாரம் 3 நாள் மாத்திரை: இப்போது தினமும்.
- கேட்டகரி 2 (முன்பே சிகிச்சை எடுத்தவர்களுக்கான பழைய முறை), ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி: கிடையாது.
- கடைசி 4 மாதம் எச்.ஆர். (ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின்) மட்டும்: எச்.ஆர்.இ. (கூடவே எதாம்புட்டால்). முதல் 2 மாதம் முடிந்ததும் நிறுத்துவது பைரஸினமைடு ஒன்றைத்தான்.
- ஊட்டச்சத்துத் தொகை மாதம் 500 ரூபாய்: 2024 நவம்பரிலிருந்து 1,000.

பெரியவர்களுக்கான கூட்டு மாத்திரை (பல மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை) தினமும் எத்தனை என்ற எடைக் கணக்கு: 25-34 கிலோவுக்கு 2, 35-49க்கு 3, 50-64க்கு 4, 65-75க்கு 5, அதற்கு மேல் 6. கேள்வி 34லோ 50லோதான் வரும், ஓரத்தில் நிற்கிற எண்ணைப் பாருங்கள்.

எல்.டி.க்களுக்கு ஸ்டெயினிங், அதாவது ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றுவது. கார்பால் ஃபுக்சின் ஊற்றிச் சூடாக்கும்போது ஆவி வந்தால் போதும், கொதிக்கக் கூடாது, காயவும் கூடாது. காய்ந்தால் சாயம் படிகமாகி, ஸ்லைடில் கிருமி மாதிரியே சிவப்பாக நிற்கும். 5 நிமிடம் விட்டுக் கழுவி, 25 சதவீத சல்ஃபியூரிக் ஆசிட். மெத்திலீன் ப்ளூ 30 விநாடி. அதை நீட்டினால் பின்னணி அடர்ந்து, சிவப்புக் கிருமி நீலத்தில் அமுங்கிவிடும். கிரேடிங்கில் (கிருமி எண்ணிக்கையைத் தரம் பிரிப்பதில்) எல்லாரும் விடுவது ஸ்கேன்ட்டி: மைக்ரோஸ்கோப்பில் 100 ஃபீல்டில் 1 முதல் 9 கிருமி வரை பார்த்தால் எண்ணிய எண்ணையே எழுத வேண்டும். 10 முதல் 99 என்றால்தான் 1+.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சென்னை சேத்துப்பட்டு கட்டாயம் வரும். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் அங்கே தொடங்கியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்கள், சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) சேர்ந்தவர்களுக்கு இணையாகக் குணமானார்கள் என்பது 1959இல் வெளியான அதன் முடிவு. வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை என்பது பின்னர் வந்த முடிவு. சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பேர் இருக்கிற ஊரில், இதைக் கேட்டால் முழிக்கிறோம்.

முந்தின நாள் ராத்திரி பார்க்க:

- பக்கவிளைவும் காரணமான மருந்தும்: கண் மங்கல், நிறம் பிரிந்து தெரியாமை: எதாம்புட்டால்.
- கை கால் மதமதப்பு: ஐசோநியாசிட். கூடவே பைரிடாக்சின்.
- மூட்டு வலி: பைரஸினமைடு.
- ஆரஞ்சு நிறச் சிறுநீர்: ரிஃபாம்பிசின். பயமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரையை அவராகவே நிறுத்திவிடுவார்.
- சர்ஜிகல் மாஸ்க் நோயாளிக்கு, என்95 நமக்கு. மாற்றி எழுதியவர்கள் இந்தத் தடவையும் உண்டு.