இரண்டாவது பாடத்திலேயே நுண்கணிதம்

2018 ஜூனில் பதினொன்றாம் வகுப்பின் புது இயற்பியல் புத்தகம் கைக்கு வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். பத்தாண்டுக்கும் மேலாக ஒரே புத்தகத்தை நடத்தி, எந்தப் பக்கத்தில் எந்தக் கணக்கு என்பதுகூட மனப்பாடமாகியிருந்தது. புதுசில் வண்ணப் படங்கள், கியூஆர் கோடு, கொஞ்சம் யோசிக்க வைக்கும் பயிற்சிக் கணக்குகள். நம் பிள்ளைகளும் இனி நீட், ஜேஇஇ என்று தைரியமாக எழுதலாம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டோம்.

இரண்டாவது அலகான இயக்கவியலுக்கு வந்ததும் தடுக்கியது. கரும்பலகையில் நுண்கணிதக் குறியீட்டில் டிஎக்ஸ் பை டிடி (dx/dt) என்று எழுதி, இதுதான் திசைவேகம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசைக்கு முந்தின பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், மேல ஒரு டி, கீழ ஒரு டி இருக்கே, அடிச்சிரலாமா?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம்தான் போல.

அவள்மேல் தப்பில்லை. கணிதப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வெக்டர், நுண்கணிதத்தின் வகைக்கெழு, தொகையிடல் மூன்றுமே இரண்டாம் தொகுதியில் இருந்தன. எனக்கு ஜூலையில் தேவைப்படுவதைக் கணக்கு டீச்சர் தொடவே காலாண்டு விடுமுறை தாண்டிவிடும். கொஞ்சம் முன்னால் நடத்த முடியுமா என்று கேட்டேன். "காலாண்டுக்குப் பொது வினாத்தாள் சார். முதல் தொகுதியிலேர்ந்துதான் கேப்பாங்க. என் போர்ஷனை யார் முடிப்பா?" என்றார். நியாயம்தான். பியூர் சயின்ஸ் குரூப் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல் என்று எடுத்தவர்களுக்குக் கணக்குப் பாடமே கிடையாது. கணக்குக்குப் பயந்து அந்தக் குரூப்புக்கு வந்தவர்களும் உண்டு. கணக்கு என்னுடைய பீரியடில் வந்து அவர்களைப் பிடித்துக்கொண்டது.

பணியிடைப் பயிற்சியில் இதைக் கேட்டேன். கருத்தாளர் நல்ல மனிதர், பாடம் தெரிந்தவர். ஆனால் அவருக்கும் சில நாள் முன்னால்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். "கணக்கு ஆசிரியரோடு பேசிப் பாருங்க சார்" என்றார். அதைத்தான் ஏற்கெனவே செய்திருந்தேனே!

சரி, நாமே நடத்திவிடலாம் என்று காலை எட்டரைக்குச் சிறப்பு வகுப்பு வைத்தேன். பாதிப் பேர் வரும் டவுன் பஸ்ஸே எட்டு ஐம்பதுக்குத்தான் வரும். அந்தப் பஸ்ஸையே பாடமாக்கினேன். எந்த நிறுத்தத்தில் எத்தனை மணி, எத்தனை கிலோமீட்டர் என்று நோட்டில் குறித்து வரச் சொன்னேன். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் சராசரி. டிரைவர் முன்னால் இருக்கிற முள் இந்த நொடியில் காட்டுவது என்ன? நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனோம். நான்காவது நாள் அதே பெண் சொன்னாள்: "அப்ப அந்த டி தனியா ஒரு எழுத்து இல்ல சார், டிஎக்ஸ்னா சேர்ந்துதான்." எனக்கு அது போதும். தொகையிடலுக்கு, மின்சாரம் குறையக் குறைய மெதுவாகத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கைகொடுத்தது. இதற்கெல்லாம் சேர்த்து மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரம் எந்தப் பாடவேளைப் பங்கீட்டிலும் இல்லை. மீளாய்வுக் கூட்டத்தில் 'போர்ஷன் பின்தங்கியுள்ளது' என்று மட்டும் என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்து, 1200 மதிப்பெண் 600 ஆகியிருந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே சொல்லும் புளூபிரிண்ட் கிடையாது, பாடத்துக்குள்ளிருந்தும் கேட்போம் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டையே ஓட்டிய பள்ளிகள் இருந்தன. ஆனால் புதுத் தேர்வு, புதுப் புத்தகம் இரண்டையும் அடுத்தடுத்த வருஷங்களில் இறக்கியபோது, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு பாடத்தின் கடைசியில் இருக்கும் 'புக் பேக்' ஒரு மார்க் கேள்விகளை உருப்போட வைப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. யோசிக்க வைக்க வந்த புத்தகத்தையும் கடைசியில் மனப்பாடப் புத்தகமாக்கியதில் எனக்கும் பங்குண்டு. கியூஆர் கோடைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. என் போனிலோ ஜன்னலோரம் நின்றால்தான் சிக்னல்.

அந்த ஆண்டு புது பாடத்திட்டம் வந்தது 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு. ஆக, பதினொன்றில் என்னிடம் வந்தவர்கள் பழைய பத்தாம் வகுப்பை முடித்தவர்கள். அதற்கடுத்த ஆண்டும் அப்படித்தான். புது ஒன்பதும் புது பத்தும் படித்த முதல் செட் வரட்டும், அப்போது இந்தப் புத்தகம் சரியாகப் பொருந்தும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். விரல்விட்டு எண்ணியும் வைத்திருந்தேன்: 2020 ஜூன்.

அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்று வந்தார்கள். கொரோனாவால் வகுப்பறையில் அவர்களை நான் பார்த்தது 2021 பிப்ரவரி 8 அன்றுதான். முகக்கவசத்தோடு, இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இயக்கவியலை முதலிலிருந்து ஆரம்பித்தேன். டிஎக்ஸ் பை டிடி வரைக்கும் போயிருப்போம். 25ஆம் தேதி, பதினொன்றாம் வகுப்புக்கும் தேர்வில்லாமல் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது.