ஃப்ரீசர் கணக்கு

மார்ச் 2
கேரட். தண்ணீரில் வேகவைத்தால் வைட்டமின் சி அந்தத் தண்ணீரோடு போய்விடும், அதனால் ஆவியில் வைத்தேன். மிக்ஸியில் நைசாக அரைத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி மூடியாயிற்று. ஒரு குழிக்கு ஏறக்குறைய 30 மில்லி. ஒன்றாம் தேதிக்குள் மேல் தட்டு முழுக்க நிரம்ப வேண்டும்.

மார்ச் 3
உறைந்த கட்டிகளை ஜிப் கவருக்கு மாற்றினேன். காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றாவிட்டால் மேலே வெள்ளை பூத்து வறண்டுவிடும். கவர் மேல் பெயர், தேதி. மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். தீர்ந்துவிடும்.

மார்ச் 6
பாப்பா துப்பிவிட்டாள்.

மார்ச் 7
இன்றும் துப்பினாள். "பத்துப் பதினைந்து தடவை கொடுத்துப் பாருங்க, அதுக்கப்புறம்தான் பிடிக்கலைன்னு முடிவு பண்ணணும்" என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, கறை படுவது அவர் சட்டையிலா?

மார்ச் 10
ராத்திரி கரண்ட் போய்விட்டது. தூக்கமே இல்லை. கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். நம்முடையது பாதிதான். எழுந்து போய்க் கைப்பிடியைத் தொட்டேன். "நீ திறந்து பார்த்தாதான் உருகும், வந்து படு" என்றார் இவர். விடியற்காலையில் கரண்ட் வந்ததும் முதல் வேலையாகத் திறந்தேன். எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவிட்டேன். உறையும்போது தண்ணீர் விரியும் என்பதால் கழுத்து வரை ஊற்றவில்லை.

மார்ச் 13
ஆப்பிள், பேரிக்காய். உருளைக்கிழங்கை மட்டும் மிக்ஸியில் போடக் கூடாது, மாவுச்சத்து வெளியேறிப் பசையாகிவிடும். கையால்தான் மசிக்க வேண்டும். ஆப்பிள் புளிக்கிறதே, ஒரு சொட்டுத் தேன் விட்டால் என்ன என்று அத்தை கேட்டார். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, அதில் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம் என்றேன். நாங்களெல்லாம் பிள்ளை வளர்க்கவில்லையா என்றார். வளர்த்தீர்கள் அத்தை.

மார்ச் 17
பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு ஒரு தாள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். முந்தின ராத்திரியே கட்டிகளை ஃப்ரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றவும். மேடையில் வைத்து உருக்க வேண்டாம். ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்துக் கொடுக்கவும். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் சில்லென்று இருக்கும், கட்டாயம் கலக்கவும். உருகியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். ஸ்பூன் பட்ட மிச்சத்தில் எச்சில் கலந்திருக்கும், கொட்டிவிடவும். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்பூனைக் கடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள், அவளே விடுவாள். தலையைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். கண்ணைத் தேய்த்தால் பசி இல்லை, தூக்கம். இடது தோளில் போட்டால் அழமாட்டாள்.

தாள் நான்கு பக்கமாகிவிட்டது. யார் படிப்பார்கள்?

மார்ச் 19
டயபரில் ஆரஞ்சு நிறம். கேரட்தான்.

மார்ச் 21
ஆறு மாதத்தோடு பிறவியில் வந்த இரும்புச்சத்து கரையத் தொடங்கும். பழமும் காயும் மட்டும் போதாது, பருப்பும் கறியும் மசித்துச் சேர்க்க வேண்டும். பட்டாணியை அரைத்துத் தோல் போக வடிகட்டினேன், கை வலிக்கிறது. புதிதாக ஒன்று கொடுத்தால் மூன்று நாளாவது வேறு புதியது கொடுக்காமல் இருந்தால்தான் ஒவ்வாமை எதிலென்று தெரியும். இப்படிப் போனால் ஒன்றாம் தேதிக்குள் எத்தனையைப் பழக்க முடியும்?

ட்ரேயில் இனி இடமில்லை.

மார்ச் 22
கேரட் சாப்பிட்டாள்! இரண்டு கட்டி. இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தாள். ஊட்டியது இவர், நான் குளித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான். என்னிடம் மட்டும் ஏன் துப்பினாள்?

மார்ச் 24
ஆபீஸிலிருந்து போன். ஒன்றாம் தேதி வரை காத்திருக்க முடியாதாம், வருகிற திங்களே வரச் சொல்கிறார்கள். பூசணி அடுப்பில் இருக்கிறது, அரைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.