டோனோமுராவின் வளையம்

எலக்ட்ரான் நுண்ணோக்கி அறையில்தான் என் வேலை. மாணவர்கள் சாம்பிள் கொண்டுவருவார்கள், நான் படம் எடுத்துக் கொடுப்பேன். சில வருடங்களுக்கு முன் ஒரு காந்தத் துகள் சாம்பிளோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். துகள்களின் ஓரத்தில் தெரிந்த கருங்கோடுகள் காந்தப்புலத்தால் வந்தவை என்று குறிப்பும் எழுதினேன். படத்தைப் பார்த்த மூத்த ஆய்வாளர், "சாம்பிளில் சார்ஜ் ஏறியிருந்தாலும் இப்படித் தெரியுமே, தம்பி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு ஒரு பக்கத்துக்கு வாதங்களை எழுதி வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அகிரா டோனோமுராவைப் பற்றிப் படித்தேன். 1965-இல் டோக்கியோ பல்கலைக்கழகப் படிப்பு முடிந்ததும் ஹிட்டாச்சியின் மத்திய ஆய்வகத்தில் சேர்ந்தவர். நுண்ணோக்கிதான் அவருக்கும் வாழ்க்கை. எலக்ட்ரான் அலைகளை ஒன்றோடொன்று கலக்கவிட்டு, அலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று படமாக எடுப்பதுதான் எலக்ட்ரான் ஹோலோகிராபி. அதற்கு அலைகள் ஒழுங்காக அணிவகுத்து வரும் கற்றை வேண்டும். அந்தக் கற்றையை உருவாக்கவே ஏறக்குறைய பத்து வருடம் போயிற்று.

1959-இல் அஹரோனோவ், போம் இருவரும் ஒரு விசித்திரமான கணிப்பைச் சொல்லியிருந்தார்கள். காந்தப்புலம் இல்லாத இடத்தில் மட்டும் எலக்ட்ரான் பயணம் செய்தாலும், பக்கத்தில் அடைபட்டிருக்கும் புலம் அதன் அலையை நகர்த்தும் என்பது அது. டோனோமுரா நுண்ணிய காந்த வளையம் ஒன்றைச் செய்தார். நேர்க்காந்தத்தில் புலம் முனைகள் வழியாக வெளியே வரும். வளையத்துக்கு முனையே கிடையாது, புலம் உள்ளேயே சுற்றும். எலக்ட்ரான் அலையின் ஒரு பகுதி வளையத்தின் துளை வழியாகவும் இன்னொரு பகுதி வெளிப்புறமாகவும் போகும். அலைகள் கலக்கும் இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் விழும். 1982-இல் அந்தப் பட்டைகள் நகர்ந்ததைக் காட்டினார். சரி, வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். முடியவில்லை. புலம் கொஞ்சம் கசிந்திருக்கலாம், எலக்ட்ரான் காந்தத்துக்குள்ளேயே புகுந்திருக்கலாம் என்று எதிர்ப்பு வந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பெர்மல்லாய் என்ற காந்த உலோகக் கலவையால் ஆன வளையத்தை நியோபியம் என்ற உலோகத்தால் முழுக்க மூடினார். நன்றாகக் குளிரவைத்தால் நியோபியம் மின்தடையே இல்லாத மீக்கடத்தி ஆகிவிடும், காந்தப்புலத்தை வெளியே விடாது. மேலே ஒரு செப்புப் படலம், எலக்ட்ரான் உள்ளே நுழையாமல் இருக்க. இவ்வளவும் சில மைக்ரோமீட்டர் அகலத்தில்! சாம்பிளைத் தாங்கும் சின்ன வலைத்தட்டான கிரிட்டை இடுக்கியால் எடுத்து வைக்கவே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் எனக்கு, அந்த வளையத்தைச் செய்த கைகளைக் கும்பிடத் தோன்றியது. 1986-இல் முடிவு வந்தது. மூடிய நியோபியத்துக்குள் காந்தப் பாயம் (அடைபட்ட புலத்தின் மொத்த அளவு) குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே நிற்கும் என்பதால், துளைக்குள் தெரிந்த பட்டைகள் வெளிப் பட்டைகளோடு ஒன்று நேராக நின்றன, இல்லையென்றால் சரியாக அரைப்பட்டை தள்ளி நின்றன. கசிவு என்று இனி யாரும் சொல்ல வழியில்லை.

1989-இல் வந்த ஒற்றை எலக்ட்ரான் சோதனைதான் அவர் பெயரை ஊரறியச் செய்தது. புள்ளி புள்ளியாக விழும் எலக்ட்ரான்கள் சேர்ந்து சேர்ந்து கடைசியில் பட்டைகளாவதை அதில் கண்ணாலேயே பார்க்கலாம். அது அழகுதான். ஆனாலும் என் மனசு வளையத்தின் பக்கம்தான் போகிறது.

நான் எழுதி வைத்த பக்கத்தைக் கிழித்துவிட்டு, புது சாம்பிள் கேட்டு வாங்கினேன். இந்த முறை மேலே மெல்லிய கார்பன் பூச்சு, சார்ஜ் தங்காமல் இருக்க. பாதிக் கோடுகள் காணாமல் போயின. மீதிப் பாதி அசையாமல் அப்படியே நின்றன. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த மூத்தவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.