கரி கரித்தது

"தம்பி, இது கரிக்குதே. நல்லாக் கழுவுனீங்களா?"

ஃபிட்டர் அண்ணன் இதைக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. கரித்தூளை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். "கழுவியாச்சுண்ணே" என்றேன். பொய் இல்லை. ஒரு முறை கழுவியிருந்தேன்.

சபாவின் செம்பொர்னாவிலிருந்து வந்த காய்ந்த கடற்பாசி அது. காற்றுப் புகாமல் 500 டிகிரியில் கருக்கி, பொடித்து, சலித்து, பாமாயில் கிரீஸில் கலந்தோம். நுண்ணிய கரித்துகள் இரண்டு இரும்புப் பரப்புகளுக்கு நடுவே புகுந்து உராய்வைக் குறைக்கும். தோட்டத்து ஓடையில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கீழே ஒழுகினாலும் மண்ணில் மக்கிப்போகிற எண்ணெயில் ஒரு மசகு என்றதும் மனசார இறங்கினேன்.

ஆனால் கடலில் வளர்ந்தது உப்போடுதான் வரும்; உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதிலிருக்கும் பொட்டாசியம் குளோரைடு உருகவே 770 டிகிரி வேண்டும். எங்கள் உலைச் சூட்டில் அது கரியோடேயே தங்கிவிடும். கழுவிய தண்ணீரில் உப்பு இருந்தால், ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டதும் பால் திரிந்த மாதிரி வெளுக்கும். வெளுப்பது நிற்கும்வரை கழுவ வேண்டும். அன்று வெளுத்ததை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் மேனேஜருக்குக் காட்ட வேண்டும். மறுபடி கழுவிக் காயவைத்தால் ஒரு நாள் போய்விடும். கலந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் கன்வேயரில் எங்கள் கிரீஸ் போட்ட பேரிங் கத்தியது. கழற்றினால் உள்ளே கிரீஸ் செம்மண் குழம்பாக இருந்தது. குண்டுகளில் ஊசி குத்தியதுபோல் குழிகள். அண்ணன் ஒவ்வொரு குண்டையும் துணியில் துடைத்துப் பார்த்தார். அப்புறம் மேனேஜரிடம், "பழைய பேரிங் பாஸ், தண்ணி எறங்கிருச்சு" என்றார்.

அது உண்மையாகவும் இருக்கலாம். வழக்கமான கிரீஸ் போட்ட பேரிங்கும் அதே இடத்தில் துருப்பிடித்திருக்கிறது. ஒரே ஒரு பேரிங்கை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாதுதான். சரி, அப்படியானால் அன்று நான் ஏன் வாய் திறக்கவில்லை? என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது வேறொன்று உறுத்துகிறது. "கழுவியாச்சு" என்ற என் சொல்லை நம்பித்தான் அவர் பேரிங்மேல் பழி போட்டாரோ? தன் நாக்கு சொன்னதை விட்டுவிட்டு என்னை நம்பினாரோ?

போன தீபாவளிக்குப் பந்திங்கில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முறுக்குத் தட்டை நீட்டியபடி, "அந்தக் கரி என்னாச்சு தம்பி?" என்றார்.

"இப்போ அஞ்சு தடவை கழுவுறோம்ணே."

அன்றைக்கு எத்தனை தடவை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.