புதுப் பற்றரியையும் இறக்கிய டிக்கி விளக்கு

யாழ்ப்பாணத்தில் கார் ஸ்ரார்ட் ஆகவில்லை என்று யாரிடம் சொன்னாலும், பொனற்றைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடும் தீர்ப்பு ஒன்றுதான்: "பற்றரி முடிஞ்சுது, மாத்துங்கோ." எனக்கும் அதையே சொன்னார்கள், சொன்னவர்களில் ஒருவர்கூட மின்சாரம் அளக்கும் மீற்றரைக் கையில் எடுக்கவில்லை. பல ஆயிரம் ரூபா கொடுத்துப் புதுப் பற்றரி வாங்கிப் பூட்டினேன். பழையதைக் கடைக்காரர் கழிவு விலைக்கு எடுத்துக்கொண்டார். அதன்பின் வந்த வார இறுதியில் வாசலில் நின்ற கார், திங்கட்கிழமை காலையில் திறப்பைத் திருப்பியபோது 'டிக் டிக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டது.

புதுப் பற்றரிக்கு உத்தரவாதம் உண்டு என்ற நம்பிக்கையில், அதைக் கழற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வாங்கிய கடைக்கே போனேன். கழற்றும்போது மறை (−) முனையை முதலிலும் நேர் (+) முனையைப் பிறகும் விடுவிக்க வேண்டும், பூட்டும்போது ஒழுங்கு மறுவளமாக வரும் என்பது பலருக்கும் தெரிந்ததே. கடையில் இருந்தவர் பற்றரியைப் பார்க்கவில்லை, உத்தரவாத அட்டையைத்தான் பார்த்தார். "இதில திகதியும் இல்லை, நம்பரும் இல்லையே அண்ணை" என்றார். அந்த அட்டையை வெறுமையாக என் கையில் தந்தவரே அவர்தான். பற்றுச்சீட்டு இருக்கிறது, அதில் திகதி இருக்கிறது, பற்றரியின் மேல் அடிக்கப்பட்ட இலக்கமும் கண்முன்னே இருக்கிறது, அதைப் பார்த்து இப்போதே எழுதலாமே என்று கேட்டதற்கு, முதலாளி வந்து சீல் அடித்தால்தான் அட்டை செல்லும் என்றும், முதலாளி கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றும் பதில் வந்தது. பற்றரியை அங்கே வைத்துவிட்டு வரவும் விடவில்லை. அந்தப் பாரத்தைத் திரும்பவும் ஓட்டோவில் ஏற்றிய எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

முதலாளி வந்த பிறகு போனபோது, சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "பற்றரியில பிழை இல்லை, சார்ஜ்தான் இல்லை" என்றார்கள். உத்தரவாதம் தயாரிப்புப் பிழைக்கு மட்டுமே, காரில் மின்சாரம் ஒழுகி இறங்கியதற்கு இல்லை என்றும் சொன்னார்கள். உண்மையில் அது நியாயமான பதில்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முதலாளியும் சீலும் தேவைப்பட்டிருக்கவில்லை. முதல் நாளே கருவியை மாட்டியிருந்தால் போதும். ஒரு பயன் கிடைத்தது: குற்றம் பற்றரியில் இல்லை என்பது உறுதியாயிற்று.

என்னுடையது பழைய ஜப்பானியச் செடான். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி திறந்ததால், இங்கே பலரும் இப்படிப்பட்ட கார்களையே பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம். இவற்றின் உள்விளக்குகளின் அமைப்பு எளிமையானது. திறப்பை எடுத்த பின்னும் மின்சாரம் வருகின்ற ஒரு பியூஸிலிருந்து நேர் வயர் மின்குமிழுக்குப் போகிறது. குமிழின் மறுபக்க வயர் கதவுச் சட்டத்தில் உள்ள சிறிய அழுத்து சுவிச்சுக்கு வருகிறது. கதவைத் திறந்தால் சுவிச்சின் முனை வெளியே தள்ளி, அந்த வயரைக் காரின் உடலோடு, அதாவது மறைப் பக்கத்தோடு, இணைத்துவிடும்; விளக்கு எரியும். மூடினால் முனை உள்ளே அழுந்தி இணைப்பு அறும். கூரை விளக்கில் உள்ள மூன்று நிலைச் சுவிச்சில் 'டோர்' நிலை இதைத்தான் செய்கிறது. 'ஓன்' நிலை கதவைப் பற்றிக் கவலைப்படாது. புதிய கார்களில் சுவிச் கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கும். இடையில் ஒரு கணினிப் பெட்டி நின்று விளக்கை மெதுவாக அணைக்கும். பல கார்களில் சற்று நேரம் கழிந்ததும் தானாகவே மின்சாரத்தை வெட்டியும் விடும். பழைய கார்களில் அந்தக் கருணை கிடையாது.

கூரையில் 'ஓவ்' நிலையில் வைத்துவிட்டால் எல்லாம் அணைந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்தச் சுவிச் கூரை விளக்கை மட்டுமே ஆள்கிறது. டிக்கி விளக்கு, சில கார்களில் டாஷ்போட் பெட்டி விளக்கு, முகம் பார்க்கும் கண்ணாடி விளக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சுவிச்சுகள் உண்டு. கூரை விளக்கு எரிந்தால் இரவில் வீட்டுக்காரர் இல்லாவிட்டாலும் அயலாராவது கண்டு சொல்வார்கள். மூடிய டிக்கிக்குள் எரிவதை யார் காண்பது?

கோண்டாவில் பக்கம் வயரிங் வேலை செய்யும் ஐயா ஒருவரைப் பற்றி நண்பர் சொல்லி அவரிடம் போனேன். அவர் முதலில் பற்றரியை 4 அம்பியர் அளவில் மெதுவாக இரவு முழுவதும் சார்ஜ் போட வைத்தார். நல்லூரிலிருந்து சுன்னாகம் வரை ஓடினால் பற்றரி நிரம்பிவிடும் என்பது வீண் நம்பிக்கை என்றும், முழுதாக இறங்கியதை அல்ரனேற்றரிடம் (எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் கருவி) விடுவது இரண்டுக்கும் கேடு என்றும் சொன்னார். அடுத்த நாள் ஓய்வு நிலையில் 12.6 வோல்ற்று இருந்தது. அது நிறைந்த பற்றரி. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12 க்குக் கீழே போனால் ஸ்ரார்ட்டரை நம்ப முடியாது. எஞ்சின் ஓடும்போது 14.2 காட்டியது, ஆகவே அல்ரனேற்றரும் நல்லதே.

பிறகுதான் உண்மையான வேலை. மறைக் கேபிளைக் கழற்றி, அதற்கும் பற்றரி முனைக்கும் இடையில் மல்ரிமீற்றரை 10 அம்பியர் நிலையில் தொடுத்தார். மீற்றர் இப்படி இருக்கும்போது ஸ்ரார்ட் செய்யவோ பெரிய விளக்குகளைப் போடவோ கூடாது. மீற்றரின் பியூஸ் போய்விடும். கதவைத் திறந்தபடியே வேலை செய்ய வேண்டியிருந்ததால், அதன் சுவிச் முனையை அழுத்தி ஒட்டுநாடாவால் ஒட்டினார். உடனே அளவை நம்பாமல் சிறிது நேரம் காத்திருக்கச் சொன்னார். காரில் உள்ள கருவிகள் உறங்குவதற்கு நேரம் எடுக்கும், புதிய கார்களில் அரை மணிக்கு மேலும் ஆகலாம். உறங்கிய பின் 0.05 அம்பியருக்குள் நிற்க வேண்டியது, என் காரில் 0.43 இல் நின்றது. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினார். 'டோம்' என்று எழுதிய பியூஸைப் பிடுங்கியதும் அளவு 0.02 ஆக விழுந்தது.

அந்தப் பியூஸிலேயே கூரை விளக்கும் மணிக்கூடும் ரேடியோவின் நினைவும் டிக்கி விளக்கும் தொங்குகின்றன. பியூஸைத் திரும்பப் போட்டுவிட்டுக் கூரைக் குமிழைக் கழற்றினார், அளவு அசையவில்லை. பிறகு என்னை டிக்கியைத் திறந்து மூடச் சொல்லி, அவர் மீற்றரையே பார்த்துக்கொண்டு நின்றார். திறந்தாலும் மூடினாலும் ஒரே 0.43. "தம்பி, திறக்கேக்க கூட வேணும், மூடேக்க குறைய வேணும். ரெண்டும் ஒண்டெண்டால் அது எப்பவுமே எரியுது" என்றார். விளக்கின் பிளாஸ்ரிக் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். விரலை எடுக்கும் அளவுக்குச் சூடு. 5 வாற்று இழைக்குமிழ் 12 வோல்ற்றில் எடுப்பது ஏறக்குறைய 0.4 அம்பியர், ஒரு நாளைக்கு 10 அம்பியர் மணி. என் பற்றரியின் மொத்தக் கொள்ளளவோ 45. தினமும் ஓடிய வாரங்களில் ஏன் ஒன்றும் தெரியவில்லை, நிறுத்திவைத்தால் மட்டும் ஏன் விழுந்தது என்பதற்கு அந்தக் கணக்கே விடை.

காரணம் நகத்தளவு ரப்பர் துண்டு. டிக்கி மூடி இறங்கும்போது சுவிச் முனையை அழுத்துவதற்காக மூடியில் இருந்த அந்த ரப்பர், வெயிலில் காய்ந்து பொரிந்து உதிர்ந்து, தண்ணீர் வடியும் பள்ளத்தில் கறுப்புத் துகள்களாகக் கிடந்தது. அது இல்லாததால் மூடி முனையைத் தொடுகிறது, அழுத்துவதில்லை. ஸ்ரான்லி வீதியில் வாங்கிய ரப்பரின் விலை ஒரு பிளேன்ரீக்குக்கூடக் காணாது. மாற்றியதும் டிக்கியை மூடிப் பார்த்தபோது அளவு 0.02.

மீற்றர் இல்லாதவர்களுக்கு அவர் காட்டிய வழி: கைபேசியில் வீடியோப் பதிவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள், பிறகு எடுத்துப் பாருங்கள். படம் இருண்டால் விளக்கு அணைகிறது. டாஷ்போட் பெட்டிக்கும் இதுவே போதும். கதவுச் சுவிச்சுகளை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் கார் நிறுத்துபவர்களுக்கு உப்புக் காற்றில் முனை துருவேறிச் சிக்கிக்கொள்வது வழக்கம். எல்ஈடி குமிழ் போட்டால் இந்த இழப்பு பல மடங்கு குறையும், எனினும் பழுதான சுவிச்சை அது திருத்தாது. சில கார்களில் கசிவு மின்னோட்டத்தால் அணைத்த பின்னும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து ஓடிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் காரை விட்டுப் போகும் உறவினர்கள் மறை முனையைக் கழற்றிவிட்டுப் போவது மேல். மணிக்கூட்டைத் திரும்ப வைப்பது பெரிய வேலையல்ல. ரேடியோவுக்குக் குறியீட்டு எண் கேட்கும் காராக இருந்தால் மட்டும் அதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பழைய பற்றரி உண்மையிலேயே முடிந்திருந்ததா என்பதை இனி அறிய வழியில்லை. திரும்பத் திரும்ப முழுதாக இறங்கும் ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேற்று இறுகிவிடும் என்பதால் அதற்கும் சேதம் ஏற்பட்டிருக்கலாம். கடைக்குக் கடைசியாக ஒருமுறை போய், அட்டையில் இலக்கமும் திகதியும் எழுதுவித்துச் சீலும் அடிப்பித்துக்கொண்டேன். அன்று முதலாளி இருக்கவில்லை. சீல் மேசை இலாச்சிக்குள்ளேயே இருந்தது.